ஒரே பீஸில் வெட்டியவை

செப்டம்பர் 4, திங்கள்

இல்லை, நான் அவளை நிறுத்தவில்லை. என் பின்னால் நின்றிருந்த மதாம் ரூவெர்தான் நிறுத்தினார். நான் ஒதுங்கி வழிவிட்டேன், அவ்வளவுதான். யாருக்கு வழிவிட்டேன் என்று கேட்டால் பதில் தெளிவாக இல்லை.

பள்ளி திறந்த முதல் நாள். பிள்ளைகள் வருவதற்கு முன் ஊழியர் அறையில் காப்பி. தலைமையாசிரியர் மதாம் ரூவெர் பிரெஞ்சு அரசின் புது உத்தரவை வாசித்தார். பள்ளிக்குள் தலைத்துணி ஏற்கெனவே கூடாது. அது பழைய சட்டம். இந்த ஆண்டு முதல் அபாயாவும் கூடாது. அபாயா என்றால்? நீளமான, தளர்வான, மதத்தைக் காட்டும் உடை. நீளமாகவும் தளர்வாகவும் இருந்து மதத்தைக் காட்டாத உடை? அதற்குத் தடையில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

யானிஸ் கையை உயர்த்தினான். என்னோடு வாசலில் நிற்கும் இன்னொரு கண்காணிப்பாளன். அல்ஜீரியக் குடும்பம். கேலியையெல்லாம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் சொல்வான்.

“அளவு நாடா தருவீர்களா, மதாம்? கணுக்காலிலிருந்து எத்தனை விரல் மேலே இருந்தால் குடியரசு?”

யாரும் சிரிக்கவில்லை. மதாம் ரூவெர் என் பக்கம் திரும்பினார்.

“ருமைஸா இருக்கிறார். அவருக்கு வித்தியாசம் தெரியும்.”

பாராட்டாகத்தான் சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். சமூகவியலில் முதுகலை. ஆய்வேடு, புலம்பெயர்ந்த பெண்களின் உடை பற்றி. முஸ்லிம், ஆனால் தலையில் துணி இல்லாத முஸ்லிம். ஒரு பள்ளி வாசலுக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்கமாட்டாள்.

எட்டு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். கூட்டத்தில் ஹம்தூனா. எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி. நாங்கள் ஐந்தாம் மாடி. எங்களைப் போலவே காரைக்கால்காரர்கள். பதினான்கு வயது, எங்கள் பள்ளியில் அவளுக்கு இது கடைசி ஆண்டு. தினமும் பேக்கரி முனையில் தலைத்துணியைக் கழற்றி, மடித்து, பைக்குள் வைத்துவிட்டு வருவாள். இன்றும் அப்படித்தான் வந்தாள். கணுக்கால்வரை கருநீல உடை, சின்ன வெள்ளைக் கட்டம்.

“ஸலாம் லாத்தா” என்று முணுமுணுத்துவிட்டு என்னைத் தாண்டினாள். அக்காவை நாங்கள் லாத்தா என்போம்.

“நீ, இங்கே வா.” மதாம் ரூவெர். “இது என்ன?”

“உடை” என்றாள் ஹம்தூனா.

“மதக் காரணத்துக்காக அணிந்திருக்கிறாயா?”

அவள் பதில் சொல்லவில்லை. பயந்த மாதிரி தெரியவில்லை. கேள்வியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பவள் மாதிரி இருந்தாள். முதல் பாடவேளை முழுக்க அலுவலக நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

அந்த உடை எனக்குத் தெரியும். அதே துணியில் வெட்டிய இன்னொன்று என் அலமாரியில் தொங்குகிறது.


செப்டம்பர் 5, செவ்வாய்

இந்தக் குறிப்புகளைப் பிரெஞ்சில் எழுதினால் வாதம் செய்ய ஆரம்பித்துவிடுகிறேன். தமிழில் எழுதினால் வெங்காயம் நறுக்கியதும் வந்துவிடுகிறது.

வெங்காயம் நறுக்கியது உம்மா.

உடையின் கதை இது. வசந்தத்தில் உம்மா ஊருக்குப் போய்வந்தபோது ஒரு முழுப் பீஸ் துணி வாங்கிவந்தாள், பெருநாளுக்கு. எங்கள் பக்கத்து வழக்கம்: ஒரே துணியில் வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும். சண்டை வராது, கூட்டத்தில் தொலைந்தால் தேடலாம். இங்கே வீட்டில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான். ஆகவே மூன்றாம் மாடி ஹம்தூனாவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

உம்மாவுக்குத் தெரிந்த வெட்டு ஒன்றுதான்: நைட்டி. இந்தக் கட்டடத்துத் தமிழ்ப்பெண்களில் பாதிப்பேர், ஊர்க்காரர்களும் யாழ்ப்பாணத்தாரும், உம்மா தைத்த நைட்டியில்தான் சமைக்கிறார்கள். எனக்காக முன்பக்கத்து ஜிப்பை எடுத்தாள், நெஞ்சுப் பிளீட்டைக் குறைத்தாள், பக்கத்தில் பை வைத்தாள். இடுப்பில் பெல்ட் கட்டி ஜூனில் அதைப் பள்ளிக்கு அணிந்துபோனேன். மதாம் ரூவெர் துணியைத் தொட்டுப்பார்த்தார். “எவ்வளவு அழகு! எங்கே வாங்கினீர்கள்?” ஆண்டிறுதிப் படம் எடுத்த அன்றும் அதையே அணிந்திருந்தேன். படம் தாழ்வாரத்தில் தொங்குகிறது. அதைப் பார்த்துத்தான் ஹம்தூனா, தனக்கும் ஜிப் இல்லாமல், பை வைத்து அதே மாதிரி வேண்டும் என்று உம்மாவிடம் அடம்பிடித்தாள்.

நேற்று நடந்ததைச் சொன்னேன். உம்மா கத்தியை வைத்தாள்.

“என்னா சொன்னாஹ? அபாயாவா?”

“ஆமா.”

“அட ரப்பே. நைட்டிடீ அது!”

“அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“நைட்டி தெரியாத பொம்பளை ஒரு பள்ளிக்கூடத்தை எப்படிடீ நடத்துறா?”

கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பாதி வெங்காயம். பிறகு திடீரென்று கோபம்.

“அபாயாக்குத் துணி இப்படியா வுழுவும்? தோளு வெட்டே வேற, கையி வேற. வந்து என் தையலைப் பாக்கச் சொல்லு அவஹளை.”

உம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டு, அதன்மேல் குளிர்கோட்டு மாட்டிக்கொண்டு வங்கி, மருத்துவர், நகராட்சி என்று எல்லா இடத்துக்கும் போகிறாள். அவளை யாரும் நிறுத்தியதில்லை. என்ன நிறம், என்ன ஜரிகை என்று வழியில் கேட்பார்கள். தலை மூடியிருப்பதைப் பார்க்கமாட்டார்கள், புடவையைப் பார்ப்பார்கள்.

ஆய்வேட்டில் இதை ஒரு அடிக்குறிப்பாக எழுதினேன். வழிகாட்டி அதை நீக்கச் சொன்னார். சொந்த அனுபவம், ஆதாரமாகாது.


செப்டம்பர் 7, வியாழன்

ஹம்தூனா மறுபடி அதே கருநீலத்தில். மதாம் ரூவெர் இன்று வாசலில் இல்லை. யானிஸ் சைக்கிள்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

“அலுவலகத்துக்குப் போ” என்றேன், பிரெஞ்சில்.

“சரி லாத்தா” என்றாள், தமிழில்.

கூட வந்தவள் அபிநயா. ஹம்தூனாவின் வகுப்பு, யாழ்ப்பாணக் குடும்பம், எதிர்க் கட்டடம். போகாமல் நின்றாள்.

“அக்கா, இதென்ன பகிடி? இது நைட்டியெல்லோ! உங்கட அம்மா தச்சது. என்ர அம்மா இதைப் போட்டுக்கொண்டுதான் மீன் வெட்டுறவ.”

“அபி, வாயை மூடு” என்றாள் ஹம்தூனா.

“நான் போய் மதாமிட்டச் சொல்லட்டோ? ஒரு நிமிசத்தில பிரச்சினை முடிஞ்சிடும்.”

“சொல்லித்தான் பாரேன். அபாயான்னு சொன்னாக்கூடப் பரவால்ல. படுக்கைச் சட்டை போட்டுட்டுப் பள்ளிக்கூடம் வந்தவன்னு வகுப்பு முழுக்கச் சிரிக்கும். நான் உசிரோட இக்க வேணாமா?”

“விசரி.”

“நீதான்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள், நடுவர் மாதிரி. மணி அடித்தது.


செப்டம்பர் 8, வெள்ளி

காலை முழுக்க மழை. எல்லாரும் கணுக்கால்வரை மழைக்கோட்டு, தலையில் தொப்பித் துணி. யாரையும் நிறுத்தவில்லை.


செப்டம்பர் 11, திங்கள்

மதாம் ரூவெர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல தேநீர் தந்தார். கெட்ட மனுஷி இல்லை, இதை எழுதிவைக்கவேண்டும். போன குளிர்காலத்தில் கட்டடங்களில் வெப்பமூட்டும் கருவி பழுதாகி வீட்டில் படிக்கமுடியாத பிள்ளைகளுக்காக இரவு ஏழு மணிவரை பள்ளியைத் திறந்துவைத்தவர்.

“உத்தரவை நான் எழுதவில்லை, ருமைஸா.”

“தெரியும், மதாம்.”

“என் அம்மா கால்சட்டை அணிந்து வேலைக்குப் போனவள். அந்தக் காலத்தில் அவளை வாசலிலேயே மறித்து வீட்டுக்கு அனுப்பினார்கள், பாவாடை மாற்றிக்கொண்டு வா என்று. அவள் அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு பெண்ணை உடைக்குள் கட்டிப்போடுவதை என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமுடியாது.”

அவர் அம்மாவையும் உடைக்காகத்தான் வாசலில் மறித்திருக்கிறார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் சொல்லவில்லை. தேநீர் சூடாக இருந்தது.

“அவளிடம் பேசுங்கள். உங்கள் மொழியில். மதக் காரணம் இல்லை என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், முடித்துவிடுவேன். இருபத்திரண்டாம் தேதிக்குள் சொல்லாவிட்டால் ஒழுங்குக் குழுவைக் கூட்டியாகவேண்டும். அதற்குமேல் என் கையில் இல்லை.”

ஒழுங்குக் குழு என்றால் வெளியேற்றும் அதிகாரம் உள்ள குழு. ஹம்தூனா வரைகிறவள். நகரத்தில் ஓவியப் பிரிவு உள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றே ஒன்று; வசந்தத்தில் விண்ணப்பம். நடு ஆண்டில் பள்ளி மாற்றி அனுப்பப்பட்டவளை அங்கே எடுக்கமாட்டார்கள். மதாம் ரூவெருக்கும் இது தெரியும். அதனால்தான் தேநீர்.

எழுந்தபோது என் கையைத் தொட்டார்.

“நீங்கள் சொன்னால் கேட்பாள். நீங்கள் இதைக் கடந்து வந்தவர்.”

எதைக் கடந்தேன் என்று கேட்கவில்லை. என் ஒப்பந்தம் டிசம்பரில் புதுப்பிக்கப்படும். இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.


செப்டம்பர் 13, புதன்

சுரங்க ரயில் படிக்கட்டில் எதிர்காற்று. கை தானாகத் தலைக்குப் போனது, தலைத்துணி ஓரத்தைப் பிடிக்க. பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. மூன்று ஆண்டுகள் ஆகியும் கைக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை.

லா ஷப்பேல் தமிழ்க் கடைகளில் வாங்கியது: இடியாப்ப மாவு, புளி, கருவேப்பிலை. உம்மாவுக்கு வெள்ளை நூல்கண்டு.


செப்டம்பர் 16, சனி

எங்கள் வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. தெருமுனைச் சலவைக் கடைக்குப் போனேன். ஹம்தூனா அங்கே இருந்தாள், வீட்டுப் போர்வைகளோடு. சுழலும் மெஷினைப் படம் வரைந்துகொண்டிருந்தாள். வேறு ஒரே ஒரு முதியவர் செய்தித்தாளோடு.

பேசவேண்டியதைத் தயார்செய்து வைத்திருந்தேன். நல்ல வாதம்.

“ஒரே ஒரு வாக்கியம், ஹம்தூனா. அதுவும் பொய் இல்ல. நைட்டிக்கு மதம் கிடையாது. ஊர்ல எல்லாரும்தான் போடுறாங்க.”

“அது நைட்டின்னு சொல்லணுமா?”

“நைட்டின்னு வேணாம். தென்னிந்தியப் பாரம்பரிய உடைன்னு சொல்லுவோம்.”

அவள் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பாரம்பரியமா? எங்கம்மா நைட்டிமேல துண்டைப் போட்டுக்கிட்டுக் குப்பை கொட்ட எறங்குதே, அதுவா?”

சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். முதியவர் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார். அடங்கியதும் அவள் சொன்னாள்:

“லாத்தா, நான் ஏன் போடுறேன்னு நீங்க கேக்கவே இல்லையே.”

உண்மை. கேட்கவில்லை.

“சரி. ஏன் போடுறே?”

“படத்துல நீங்க போட்டிருந்தீங்க, நல்லா இருந்திச்சு. அதுக்காக. அப்புறம், பேக்கரிகிட்ட துணியைக் கழட்டிப் பைக்குள்ள வெச்சதும் தலை லேசா, ஒரு மாதிரியா இக்கும். அப்ப ஒடம்பு மூடி இருந்தா கொஞ்சம் தைரியம். அதுக்காகவும். அப்புறம் பக்கத்துல பை இக்கிது, பென்சில் வெக்கலாம்.” விரலை விட்டு எண்ணினாள். “இதுல எது மதம், எது மதம் இல்ல? பிரிச்சுச் சொல்லுங்க. நீங்கதான் படிச்சவங்க.”

“பிரிக்கவேண்டாம். மதாம்கிட்ட இல்லன்னு மட்டும் சொல்லு.”

“இல்லன்னா பாதிப் பொய். ஆமான்னாலும் பாதிப் பொய். அதான் வாயைத் தொறக்கல.” மறுபடி பென்சிலை எடுத்தாள். “அபியும் முந்தாநாள் நீளப் பாவாடை போட்டுட்டு வந்தா. அவளை யாரும் கேக்கல. கேட்டா எல்லாரையும் கேக்கட்டும்.”

என்னிடம் இதற்குப் பதில் இருந்தது, மேற்கோளோடு. சொல்லவில்லை.

“லாத்தா.”

“ம்.”

“நீங்க துணியைக் கழட்டினப்ப யாராச்சும் ஏன்னு கேட்டாஹளா?”

இல்லை. வாழ்த்தினார்கள். இதையும் அவளிடம் சொல்லவில்லை. மெஷின் நின்றது. போர்வையின் இரு முனைகளை அவளும் இரு முனைகளை நானும் பிடித்து மடித்தோம்.


செப்டம்பர் 18, திங்கள்

மதாம் ரூவெர்: “பேசினீர்களா?”

“பேசினேன்.”

“என்ன சொன்னாள்?”

“யோசிக்கிறாள்.”

யோசிப்பது அவள் இல்லை.


செப்டம்பர் 19, செவ்வாய்

மீன் ஆணம் (எங்கள் வீட்டில் குழம்பு என்று சொல்வதில்லை), சோறு, அவரைக்காய். வாப்பா ஊரிலிருந்து போன் செய்தார்; வீட்டுக் கூரை வேலை முடியவில்லையாம், இன்னும் ஒரு மாதம் ஆகும்.

போனை வைத்ததும் உம்மா கேட்டாள்.

“அந்தப் புள்ள விசயம் என்னா ஆச்சு?”

“வெள்ளிக்கிழமைக்குள்ள அவ சொல்லியாவணும். இல்லன்னா குழு.”

“நீ என்னா செய்யப்போறே?”

“நான் என்னம்மா செய்ய? அது அவ முடிவு.”

உம்மா மீன் முள்ளை எடுத்து என் தட்டில் சதையை வைத்தாள். இருபத்தாறு வயதிலும் வைக்கிறாள்.

“முடிவு, முடிவுன்னு சொல்றே. நீ கழட்டினப்பவும் அப்படித்தான் சொன்னே. என் முடிவும்மான்னு. நான் ஏதாச்சும் கேட்டனா?”

“இல்ல.”

“வேலைக்கு மனு போட்ட வாரம் அது.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“இருக்குன்னு நான் சொல்லலையே.”

அது என் முடிவு. படித்து, யோசித்து எடுத்தது. மூன்று ஆண்டுகளில் ஒருநாளும் வருந்தியதில்லை. இதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

அவரைக்காய் கொஞ்சம் முற்றல்.


செப்டம்பர் 21, வியாழன்

சிந்தித்ததை வரிசையாக எழுதிப்பார்க்கிறேன்.

நாளை மதாம் ரூவெர் என்னைக் கேட்பார். நைட்டி என்று நான் சொன்னால் ஹம்தூனா தப்பிப்பாள். ஆனால் அது அவள் சொல்லாததை அவள் வாயில் வைப்பது. இவள் நல்ல முஸ்லிம், இவள் உடை வெறும் உடை என்று முத்திரை குத்தி வாசலில் விடுவது. அடுத்த வாரம் இன்னொருத்தி வருவாள், அவளுக்கு என்னிடம் முத்திரை இருக்காது. அதற்கடுத்த வாரம் நான் முத்திரை குத்துகிறவளாக மட்டும் இருப்பேன்.

எனக்கு வித்தியாசம் தெரியும் என்றார். தெரியாது. இதுதான் நான் அவருக்குச் சொல்லவேண்டியது. எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

வாதமாகச் சொன்னால் தோற்பேன். அவர் என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு பேசுபவர்.

அலமாரியிலிருந்து உடையை எடுத்தேன். ஒரு பக்கம் கீழ்மடிப்பு அவிழ்ந்திருந்தது. உம்மா தூங்கிவிட்டாள். பேனாக் குவளையில் பழைய குண்டூசிகள் சில இருந்தன, முத்துத் தலை வைத்தவை, ஒருகாலத்தில் தலைத்துணிக்கென்று வாங்கியவை. அவற்றால் மடிப்பைக் குத்தி நிறுத்தினேன். இஸ்திரி போட்டேன்.

நாளை வெயில் என்கிறார்கள்.


செப்டம்பர் 22, வெள்ளி

வெயில்தான்.

வாசலில் யானிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“புதுசா?”

“ஜூனிலேயே பார்த்திருக்கிறாய்.”

“ஜூனில் அது உடை. இது செப்டம்பர்.” பிறகு, குரலைத் தாழ்த்தி, “உனக்குப் பைத்தியமா? நாம் அரசு ஊழியர்கள். பிள்ளைகளுக்குக் குழு. நமக்கு நேராக வீடு.”

“தெரியும்.”

“அப்படியென்றால் பெல்ட்டாவது கட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.”

ஹம்தூனாவுக்குப் பெல்ட் இல்லை. அதனால் நானும் கட்டவில்லை.

அவள் பேக்கரிப் பக்கமிருந்து வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அபிநயா. அபிநயா இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கைக்கு மேலே கண்கள் சிரித்தன.

“உள்ளே வா” என்றேன். வந்து என் பக்கத்தில் நின்றாள். ஒரே துணி, ஒரே கட்டம், ஒரே தையல் மெஷின். பெருநாளன்று வாசலில் நிறுத்திவைக்கப்பட்ட அக்கா தங்கை மாதிரி.

மதாம் ரூவெர் முற்றத்தைக் கடந்து வந்தார். எங்களைப் பார்த்தார். அலுவலகத்தை நோக்கிக் கையை மட்டும் காட்டினார். போகும் வழியில் தாழ்வாரம். படம். அதில் நான் இந்த உடையில் இருக்கிறேன். என் தோளில் மதாம் ரூவெரின் கை. நான் அதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தார்.

கதவைச் சாத்தியதும் கேட்டார்.

“இது என்ன? போராட்டமா?”

“வேலைக்கு வந்திருக்கிறேன், மதாம். இந்த உடையில் முன்பும் வந்திருக்கிறேன். நீங்கள் தொட்டுப்பார்த்தீர்கள். அழகு என்றீர்கள்.”

“அது வேறு.”

“ஒரே துணி. என் அம்மா ஒரே பீஸில் வெட்டி, இரண்டையும் தைத்தார். வேண்டுமானால் மடிப்பைத் திருப்பிப் பாருங்கள்.”

“துணி இல்லை விஷயம். உங்கள்மேல் இது வேறு.”

“என்ன வேறு?”

அவர் பார்வை என் தலைமுடிக்குப் போய்த் திரும்பியது. வாயைத் திறந்தார். சொல்லவில்லை. சொல்லாததற்காக அவரை மதிக்கிறேன். சொல்லியிருந்தால் எளிதாக வென்றிருப்பேன்.

பிறகு அவர் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார்.

“சரி. இவளிடம் கேட்டதை உங்களிடமும் கேட்கிறேன். இதை மதக் காரணத்துக்காக அணிந்திருக்கிறீர்களா?”

இல்லை என்று சொன்னால் போதும். சொன்னால் நான் இந்த நாற்காலியிலிருந்து எழுந்து போகலாம். வேலை, டிசம்பர், எல்லாம் பத்திரம். அறையில் மிஞ்சுவது ஹம்தூனா மட்டும், ஆமாவும் இல்லையும் இல்லாமல். நைட்டி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஹம்தூனா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாமென்று தலையை ஒரு மயிரிழை ஆட்டினாள்.

“ஜூனில் நீங்கள் கேட்கவில்லை” என்றேன்.

“இப்போது கேட்கிறேன்.”

“அப்படியென்றால் இப்போது பதில் சொல்லமாட்டேன், மதாம். இவளும் இதைத்தான் செய்கிறாள். எனக்கு வித்தியாசம் தெரியும் என்று சொன்னீர்கள். தெரியவில்லை. இவளுக்கும் எனக்கும் நடுவில் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முயற்சி செய்தேன். கிடைக்கவில்லை.”

“உங்கள் நிலை இவளைவிட மோசம். தெரியுமா?”

“தெரியும்.”

“உங்கள்மேல் அறிக்கை எழுதச் சொன்னால் நான் எழுதவேண்டும்.”

“எழுதுங்கள். படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.”

மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆனால் அறைக்குள் வந்து விழுந்தபோது அப்படித்தான் இருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர்கள் இரண்டு பேர்.

மதாம் ரூவெர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். முற்றத்தில் வகுப்புக்கு வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தெந்த உடை என்று அவர் பார்த்தாரா என்று தெரியாது. நான் அவர் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். கால்சட்டை, வாசல். அவரும் நினைத்திருக்கலாம், என்னால் உறுதியாகச் சொல்லமுடியாது.

திரும்பாமலே சொன்னார்.

“ஹம்தூனா, வகுப்புக்குப் போ.”

“இப்படியேவா, மதாம்?”

“இப்படியே. இந்த உடைக்காகக் குழுவைக் கூட்டமாட்டேன். இந்த உடைக்காக மட்டும். புரிகிறதா?”

ஹம்தூனாவுக்குப் புரிந்தது. எனக்கும். நாளைக்கு வேறு உடை, வேறு பெண். அதை நாளைக்குப் பார்க்கலாம். இன்று ஒருத்தி வகுப்புக்குப் போகிறாள்.

அவள் போனதும் மதாம் ரூவெர் நாற்காலியில் உட்கார்ந்தார். களைத்திருந்தார்.

“நீங்கள் இனி வாசலில் நிற்கவேண்டாம். திங்களிலிருந்து சாப்பாட்டுக்கூடம். டிசம்பரைப் பற்றி என்னால் எதுவும் சொல்லமுடியாது.”

“சரி, மதாம்.”

“கோபமா?”

“இல்லை. வாசலுக்கு நான் ஏற்ற ஆளில்லை. நாலாம் தேதியே சொல்லியிருக்கவேண்டும்.”

வெளியே தாழ்வாரத்தில் ஹம்தூனா போகாமல் காத்திருந்தாள். சுவரோடு சாய்ந்து, பையில் பென்சிலை உருட்டிக்கொண்டு.

“நைட்டின்னு சொல்லிடுவீங்களோன்னு உசிரே போயிடுச்சு லாத்தா.”

“வகுப்புக்குப் போடீ.”

போனாள். திருப்பத்தில் நின்று திரும்பினாள்.

“உங்களுக்கு நீளம் கொஞ்சம் கூட. உங்கம்மாட்ட சொல்லி ஒரு விரல் ஏத்துங்க.”

மத்தியானம் யானிஸ் தன் பங்கு ஆப்பிளை என் தட்டில் வைத்தான். சாப்பாட்டுக்கூடத்தில் புதன்கிழமைகளில் மீன், வியாழனில் யாரும் தொடாத கீரை என்று விளக்கினான். ஆறுதல் சொல்கிறானாம்.

வீட்டில் உம்மா எல்லாவற்றையும் கேட்டாள். முதல் கேள்வி, மடிப்பைத் திருப்பிப் பார்த்தார்களா என்பது. இல்லை என்றதும் ஏமாற்றம். வேலை போய்விடுமா என்று இரண்டாவதாகத்தான் கேட்டாள். தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது இன்று எளிதாக இருந்தது.

மடிப்பிலிருந்து எடுத்த குண்டூசிகளைக் குவளையில் திருப்பிப் போடவில்லை. மேசை இழுப்பறையில் வைத்தேன், கைக்கு எட்டும் இடத்தில். காரணம் எதுவும் இல்லை.

உடையின் கீழ்மடிப்பை ஒரு விரல் ஏற்றித் தைத்தேன். பிறகு துவைத்து, குளியலறைக் கம்பியில் காயப்போட்டேன். திங்கட்கிழமைக்குள் காய்ந்துவிடும்.